சிடி ஸ்கேன் சரியாக இருந்தும் தம்பிக்கு ஏன் இந்த மறதி?

வணக்கம். பைக்கிலிருந்து விழுந்த தம்பிக்கு மயக்கமும் வரவில்லை, சிடி ஸ்கேனிலும் குறையில்லை, ஆனாலும் மூன்று வாரமாகத் தலைவலி, மறதி, எரிச்சல் என்றும், வேலைக்குப் போகாமல் நடிப்பதாக வீட்டார் பேசுகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். மயக்கம் வராததும் ஸ்கேன் சரியாக இருப்பதும் அவரைச் சந்தேகிக்கக் காரணமாகா.

சிடி ஸ்கேன் முக்கியமாக இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் கண்டறிவதற்கானது. அடியில் தலை குலுங்கி, நரம்பிழைகள் இழுபட்டு மூளைச் செல்களின் வேலை தடுமாறுவது அதில் பெரும்பாலும் தெரியாது. இப்படி மூளை குலுங்கித் தடுமாறுவதையே மூளை அதிர்வு என்கிறோம்; அது கண்டவர்களில் மிகப் பலர் மயக்கமடைவதே இல்லை.

வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்க வைப்பதும் பழைய எண்ணம்தான். முதல் ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின், தொந்தரவு கூடாத அளவுக்கு நடை, சிறிது வாசிப்பு, அரைநாள் வேலை எனப் படிப்படியாக ஏற்றுவதையே இன்று மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். தேறும்வரை பைக் வேண்டவே வேண்டாம். குணமாகுமுன் படும் இன்னொரு அடி பாதிப்பைப் பெருக்கிவிடும்.

முதல் ஸ்கேனில் இல்லாத கசிவு சில வாரம் கழித்தும் தலைகாட்டுவதுண்டு. ஆகவே தலைவலி வரவரக் கடுமையானாலோ, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒருபக்கத் தளர்ச்சி வந்தாலோ உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றாலும், இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். எதை மறந்தார், எப்போது வலித்தது என்பதைத் தேதியுடன் எழுதிக்கொண்டு போங்கள்.