சிவப்புச் சாயமும் காஸ்டிக் சோடாவும்

கேள்வி: கடலில் காஸ்டிக் சோடாவைக் கலந்தால் காற்றிலுள்ள கரியமில வாயு குறையுமாமே? அமெரிக்காவில் கொட்டியே விட்டார்களாம். இது என்ன விளையாட்டு?
- ஒரு வாசகி

பதில்: கொட்டியது உண்மைதான். 2025 ஆகஸ்டில் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தார், அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் அனுமதி வாங்கி, மெய்ன் வளைகுடாவில் சுமார் 65,000 லிட்டர் சோடியம் ஹைட்ராக்சைடு (காஸ்டிக் சோடாதான்) கரைசலை விட்டார்கள். கூடவே ரோடமின் என்ற சிவப்புச் சாயம். கடலில் ஊற்றியது ஊற்றிய இடத்திலேயே நிற்காதே! அது போகிற வழியைக் கண்ணால் பார்க்கத்தான் சாயம்.

காரம் சேர்ந்தால் நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு பைகார்பனேட்டாக மாறும். அந்தக் குறையை ஈடுகட்டக் கடல் காற்றிலிருந்து வாயுவை இழுத்துக்கொள்ளும். இதுவரை பள்ளிக்கூட வேதியியல்தான். காரம் நொடியில் தன் வேலையை முடித்துவிடும். காற்றிலிருந்து வாயு உள்ளே வந்து சேரத்தான் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அந்த நீர் எங்கோ போய், எதனோடோ கலந்திருக்கும்.

நான் பல வருடம் கடல்நீரின் காரத்தன்மையை அளந்து சம்பளம் வாங்கியவன். பாட்டிலில் நீர் பிடித்ததும் நுண்ணுயிரைக் கொல்லும் நஞ்சான மெர்குரிக் குளோரைடு ஒரு துளி விட்டு மூட வேண்டும். மறந்தால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் மூச்சுவிட்டே கார்பன் கணக்கைக் கெடுத்துவிடும். (நான் மறந்ததுண்டு. ஒரு பெட்டி பாட்டிலும் வீண்.) அப்புறம் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பார்த்தால், திறந்த கடலில் காரத்தன்மை கிலோ நீருக்கு ஏறக்குறைய 2,300 மைக்ரோமோல் (வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் சின்ன அலகு) வரும். அதே நீரை மறுபடி அளந்து 2 மைக்ரோமோல் வித்தியாசத்தோடு நின்றால் அன்றைக்கு நல்ல நாள் என்று டீ குடிக்கப் போவோம். ஊற்றிய காரம் பரவிப் பரவி அந்த 2-க்குள் ஒளிந்துகொண்டால் எப்படிப் பிடிப்பது? மீதிக்குக் கணினிக் கணக்கைத்தான் நம்ப வேண்டும். என்னைக் கேட்டால், மெய்னில் சோதித்தது தராசைத்தான், அதாவது அளக்கும் முறையைத்தான். தராசு சரியாகுமுன்னே கார்பன் வரவு (இவ்வளவு கரியமில வாயுவைக் குறைத்தோம் என்று காட்டி விற்கும் சான்று) விற்கக் கிளம்பியவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது.

கேள்வி: காஸ்டிக் சோடா எதற்கு? சுண்ணாம்புக்கல் பொடியைத் தூவினால் ஆகாதா?
- அதே வாசகி

பதில்: கரையாதே, அம்மா. சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட்; மேல்மட்டக் கடல்நீரில் அது ஏற்கெனவே தெவிட்டிக் கிடக்கிறது. பொடி அப்படியே கீழே போய் உட்காரும். சரி, சுட்டுப் போடலாமே என்பீர்கள். போட்டால் கரையும், ஆனால் கல் தன்னுள் வைத்திருந்த கரியமில வாயுவைச் சூளையிலேயே கக்கிவிடும். முதலில் அதைப் பிடித்துவைக்க ஒரு வழி செய்ய வேண்டும். காஸ்டிக் சோடாவிலும் அவசரம் ஆகாது: ஒரே இடத்தில் அளவு மீறி விட்டால், கடலே கார்பனேட்டைப் படியவைத்து, உள்ளே இழுத்த வாயுவில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும்.