ஆண்டுக்கு நான்கு முறை லவுஞ்ச்: 11,800 ரூபாய் கட்டணம் தகுமா?

கேள்வி: நான் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவன்; தஞ்சாவூரில் வசிக்கிறேன். மகன் சான்பிரான்சிஸ்கோ அருகே குடும்பத்துடன் இருப்பதால், நானும் என் மனைவியும் ஆண்டுக்கு ஒருமுறை சென்னையிலிருந்து தோஹா வழியாகச் சென்று, நான்கைந்து மாதங்கள் தங்கிவிட்டுத் திரும்புகிறோம். போகும்போதும் வரும்போதும் தோஹாவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மனைவிக்குச் சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் உண்டு. ஆண்டுக் கட்டணம் 10,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் உள்ள ஒரு கிரெடிட் கார்டை வாங்கினால் உலகெங்கும் விமானநிலைய லவுஞ்சுகளுக்கு (உணவும் வசதியான இருக்கையும் தரும் ஓய்வுக்கூடங்கள்) எத்தனை முறை வேண்டுமானாலும் செல்லலாம் என்றும், ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் செலவழித்தால் அந்தக் கட்டணமும் கிடையாது என்றும் எனது வங்கி அதிகாரி சொல்கிறார். தற்போது மாதம் 40,000 ரூபாய் அளவுக்குக் கார்டில் செலவு செய்து, முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டிவிடுகிறேன். இந்தக் கார்டை வாங்கலாமா? அல்லது, பல நாட்டு லவுஞ்சுகளில் நுழைய உதவும் ப்ரையாரிட்டி பாஸ் உறுப்பினர் அட்டையை நேரடியாக வாங்கிக்கொள்வது நல்லதா?

பதில்: இரண்டுமே உங்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. தோஹாவில் உங்கள் மனைவிக்கு நல்ல இருக்கையும் நேரத்துக்கு உணவும் வேண்டும் என்ற உங்கள் கவலை நியாயமானது. அதற்குக் கொஞ்சம் பணம் செலவழிப்பதிலும் தவறில்லை. ஆனால் அந்த வசதியை இதைவிட மிகக் குறைந்த செலவில் பெற முடியும்.

முதலில், ஓர் ஆண்டில் நீங்கள் எத்தனை முறை லவுஞ்சுக்குள் நுழைவீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். தோஹாவில் போகும்போது இருவர், வரும்போது இருவர் என்று நான்கு நுழைவுகள் உறுதி. சென்னையில் பாதுகாப்புச் சோதனையும் குடியேற்றச் சோதனையும் முடிந்து மிஞ்சும் நேரம் பெரும்பாலும் குறைவு. சான்பிரான்சிஸ்கோவில் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மருமகள் கட்டிக்கொடுக்கும் சப்பாத்தியுடனோ புளியோதரையுடனோ கிளம்பிவிடலாம். (தயிர்ச் சாதத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், தயிரைத் திரவக் கணக்கில் சேர்த்துச் சோதனையில் நிறுத்திவிடக்கூடும்.) ஆக, உங்கள் தேவை ஆண்டுக்கு நான்கு நுழைவுகள். நான்கு நுழைவுகள் போதும் என்பவருக்கு, அளவற்ற நுழைவு என்று சொல்லி விற்கப்படும் கார்டின் விலையில் பெரும்பகுதி, அவர் ஒருபோதும் பயன்படுத்தப்போகாத நுழைவுகளுக்கான விலைதான்.

இனி விலையைப் பார்க்கலாம். கணக்குக்காக ஒரு டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய் கட்டணம் 18 சதவீத ஜி.எஸ்.டி.யுடன் 11,800 ரூபாய் ஆகிறது. 7 சதவீத வட்டி தரும் வைப்பில் ஏறத்தாழ 1,68,000 ரூபாயைப் போட்டுவைத்தால்தான் அந்தத் தொகை ஓராண்டு வட்டியாகக் கிடைக்கும். கார்டின் இலவச நுழைவு உங்களுக்கு மட்டும்தானா, துணை அட்டை (உங்கள் கணக்கிலேயே குடும்பத்தினருக்குத் தரப்படும் கூடுதல் கார்டு) பெறும் மனைவிக்கும் உண்டா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அவரை விருந்தினராகக் கணக்கிடும் கார்டு என்றால், ஒவ்வொரு நுழைவுக்கும் 35 டாலர் அளவுக்குத் தனியாகப் பிடிப்பார்கள்; அவருடைய இரண்டு நுழைவுகளுக்கு 6,300 ரூபாயும், அதன்மேல் வரியும் சேரும்போது மொத்தச் செலவு 18,000 ரூபாயைத் தாண்டிவிடும்.

ப்ரையாரிட்டி பாஸை நேரடியாக வாங்குவது இதைவிட மோசம். அதன் அடிப்படைத் திட்டத்தின் ஆண்டுக் கட்டணம் 99 டாலர். ஆனால் அத்திட்டத்தில் இலவச நுழைவு ஒன்றுகூட இல்லை, ஒவ்வொரு முறையும் 35 டாலர் கட்ட வேண்டும். நீங்கள் உறுப்பினராகவும் மனைவி விருந்தினராகவும் நான்கு நுழைவுகளுக்குக் கணக்கிட்டால் 239 டாலர், அதாவது 21,510 ரூபாய். பத்து இலவச நுழைவுகள் தரும் அடுத்த திட்டத்துக்கு 329 டாலர் கட்டியும், விருந்தினருக்குத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். ஆண்டு முழுவதும் பறந்துகொண்டிருக்கும் வணிகர்களுக்காக அமைக்கப்பட்ட திட்டங்கள் இவை.

கார்டு விற்பவர்கள் ஒரு நுழைவின் மதிப்பை 35 டாலர் என்று எடுத்துக்கொண்டு, நான்கு முறை போனாலே கட்டணத்துக்கு மேல் லாபம் என்று காட்டுவார்கள். அந்தக் கணக்கை நான் ஏற்பதில்லை. லவுஞ்ச் இல்லாவிட்டால் அதே இடத்தில் நீங்கள் எவ்வளவு செலவு செய்திருப்பீர்களோ, அதுவே உங்களுக்கு அதன் மதிப்பு. தோஹா விமானநிலையத்தில் ஒருவர் சாப்பிட்டுக் காப்பி குடிக்க ஐம்பது, அறுபது ரியால் ஆகலாம். ஒரு டாலருக்கு 3.64 ரியால் என்பது நிலையான மாற்று விகிதம் என்பதால், இது ஏறத்தாழ 1,500 ரூபாய். வசதியான இருக்கைக்கும் கழிப்பறைச் சுத்தத்துக்கும் இன்னொரு 500 ரூபாய் சேர்த்தாலும், நான்கு நுழைவுகளின் மதிப்பு 8,000 ரூபாயைத் தாண்டவில்லை.

அந்த 8,000 ரூபாய் மதிப்பும் முழுமையாகக் கைக்கு வருமா என்பதற்கு லவுஞ்சுகளின் தரத்தையும் பார்க்க வேண்டும். விளம்பரப் படங்களில் நீங்கள் காணும் தோஹாவின் அல் முர்ஜான் லவுஞ்ச், கத்தார் ஏர்வேஸின் பிசினஸ் வகுப்புப் பயணிகளுக்கானது. கார்டைக் காட்டி அதனுள் நுழைய முடியாது. பிசினஸ் வகுப்பிலேயே மிகக் குறைந்த விலைச் சீட்டு வாங்கியவர்களுக்கு லவுஞ்ச் அனுமதி தராத விமான நிறுவனங்கள் உண்டு. கத்தார் ஏர்வேஸும் அவற்றில் ஒன்று. கார்டு வழியாக வருகிறவர்களுக்கு அல் மஹா போன்ற பொது லவுஞ்சுகளே கிடைக்கும். பல கார்டுத் திட்டங்களின் வாடிக்கையாளர்களும், நேரடியாகப் பணம் கட்டி வருகிறவர்களும் அங்கேயே கூடுகிறார்கள். இந்தியாவிலிருந்து நள்ளிரவிலும் அதிகாலையிலும் புறப்படும் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கி, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் காலையில் கிளம்பும் விமானங்களுக்காகப் பயணிகள் காத்திருக்கும் அந்த நேரத்தில், வாசலில் வரிசை நிற்பதும் நாற்காலி தேடி அலைவதும் புதிதல்ல. இடமில்லை என்று திருப்பி அனுப்பும் உரிமை லவுஞ்சுக்கு உண்டு என்பது இத்திட்டங்கள் எல்லாவற்றின் நிபந்தனைகளிலும் இருக்கிறது. மேலும், பல பொது லவுஞ்சுகள் மூன்று மணி நேரத்துக்கு மேல் தங்க விடுவதில்லை; அப்படியென்றால் உங்கள் காத்திருப்பில் பாதி நேரத்தை வெளியில்தான் கழிக்க வேண்டும்.

அந்த மீதி நேரத்துக்கு மட்டுமன்றி முழு நேரத்துக்குமே பயன்படக்கூடிய இலவச வசதி அங்கேயே இருக்கிறது. தோஹாவின் ஹமத் விமானநிலையத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகச் சாய்வு நாற்காலிகள் கொண்ட அமைதி அறைகள் உள்ளன, கட்டணம் இல்லை. மனைவிக்கு முழங்கால் வலி இருப்பதால், பயணச்சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று பதிந்துவிடுங்கள். இதற்கும் கட்டணம் கிடையாது. தோஹாவின் நீண்ட நடைக்கு எந்த லவுஞ்சையும்விட இதுவே பெரிய ஆறுதல். சர்க்கரை நோயாளிகளுக்கான உணவையும் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பாகவே விமானத்தில் கேட்டுப் பதியலாம். காசு செலவழித்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், பதினைந்து மணி நேரத்துக்கு மேல் நீளும் தோஹா–சான்பிரான்சிஸ்கோ பயணத்தில் கால் நீட்ட இடமுள்ள இருக்கைக்குச் செலவழியுங்கள். அவசர வழியை ஒட்டிய வரிசை மட்டும் வேண்டாம். கால் வலி உள்ளவர்களை அங்கே அமர்த்த மாட்டார்கள்.

8 லட்சம் செலவழித்தால் கட்டணம் இல்லை என்ற வாக்குறுதியையும் கவனிக்க வேண்டும். மாதம் 40,000 என்றால் உங்கள் ஆண்டுச் செலவு 4,80,000 ரூபாய். அதிலும் நான்கைந்து மாதங்கள் நீங்கள் ஊரிலேயே இல்லை. 11,800 ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக மூன்று லட்சத்துக்கு மேல் கூடுதலாகச் செலவழிக்க ஓய்வூதியத்தில் வழியில்லை. வழி இருந்தாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் பரிந்துரை இதுதான். ஆண்டுக் கட்டணம் 2,500 ரூபாய் அளவில் இருந்து, ஆண்டுக்கு நான்கு முதல் ஆறு வெளிநாட்டு லவுஞ்ச் நுழைவுகளை முதன்மை அட்டைக்காரரும் துணை அட்டைக்காரரும் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் நடுத்தர வகைக் கார்டு ஒன்றை உங்கள் வங்கியிலேயே கேளுங்கள். ஜி.எஸ்.டி.யுடன் 2,950 ரூபாய். நான்கு நுழைவுகளுக்கு வகுத்தால் ஒன்றுக்கு 740 ரூபாய்க்கும் குறைவு. சில கார்டுகளில் நான்கைந்து லட்ச ரூபாய்ச் செலவுக்கு இந்தக் கட்டணமும் தள்ளுபடியாகும். பயணம் இல்லாத ஆண்டில் உங்கள் இயல்பான செலவே அதற்கு அருகில் வரும். அப்படி ஒரு கார்டு கிடைக்காவிட்டால், போகும் பயணத்தில் மட்டும் இருவருக்கும் லவுஞ்ச் அனுமதியை இணையத்தில் முன்பதிவு செய்து நேரடியாகப் பணம் கட்டிவிடுங்கள். பயணம் இல்லாத ஆண்டில் அதற்குச் செலவே இல்லை. கார்டின் கட்டணமோ பயணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்துகொண்டே இருக்கும்.

எந்தக் கார்டானாலும் நிபந்தனைத் தாளில் மூன்று இடங்களை நிதானமாகப் படியுங்கள். முதலாவது, முந்தைய காலாண்டில் செய்திருக்க வேண்டிய செலவு. 2023ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பல வங்கிகள், உள்நாட்டு லவுஞ்சுகளுக்கு முதலில், இந்த விதியைக் கொண்டுவந்தன, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி 2024 ஏப்ரல் 1 முதல் பல கார்டுகளுக்கு 35,000 ரூபாய் என்று வைத்தது. உங்கள் கார்டில் வெளிநாட்டு லவுஞ்சுக்கும் இப்படி ஒரு விதி இருந்தால், மகன் வீட்டில் தங்கியிருக்கும் மாதங்களில் கார்டில் செலவே இருக்காது என்பதால், திரும்பும் பயணத்தில் தோஹாவில் உங்கள் தகுதி பறிபோயிருக்கும். அந்தத் தொகையை அமெரிக்கக் கடைகளில் தேய்த்து எட்டலாம் என்றால், அந்நியச் செலாவணிக் கூடுதல் கட்டணம் 3.5 சதவீதமும் அதன்மீது ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 35,000 ரூபாய்க்கு ஏறத்தாழ 1,445 ரூபாய் போய்விடும்.

இரண்டாவது, இந்தியாவுக்குள் பயன்படுத்துவது பற்றிய விதி. கார்டு வழியாகக் கிடைக்கும், வெளிநாட்டில் இலவசமாக இருக்கும் ப்ரையாரிட்டி பாஸை, சென்னைப் பன்னாட்டு முனையத்தில் காட்டினால் கட்டணம் பிடிக்கும் கார்டுகள் பல உள்ளன. மூன்றாவது, விருந்தினர் எண்ணிக்கை. லவுஞ்ச் வாசலில் அப்போது பணம் கேட்க மாட்டார்கள்; கையெழுத்து மட்டும் வாங்குவார்கள். விருந்தினர் ஒருவர் என்று பதிவானால், அதற்கான டாலர் தொகை பிறகு கார்டுக் கணக்கில் வந்து நிற்கும். உங்கள் மனைவி தம்முடைய பெயரில் உள்ள பாஸைக் காட்டி, தம் பெயரிலேயே நுழைய வேண்டும்.

பல கார்டுகளில் அந்தப் பாஸ் தானாக வராது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், துணை அட்டையையும் இரண்டு பாஸ்களையும் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இருக்கும்போது கெடு தவறினால் மாதம் 3.5 சதவீதம், ஆண்டுக்கு 42 சதவீதம் என்ற அளவில் வட்டி ஏறும். ஆகவே முழு நிலுவையும் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகக் கட்டப்படும்படி வங்கியில் எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். கார்டுடன் தரப்படும் பயணக் காப்பீட்டை நம்பி வெளிநாட்டு மருத்துவக் காப்பீட்டைக் கைவிட வேண்டாம். இந்தப் பயணத்தில் பணத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் அதுதான்.

பெரிய கார்டுக்கு ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டீர்கள் என்றாலும் கவலை வேண்டாம். நிலுவை இல்லாத கார்டை மூடக் கோரினால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது 2022இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகையை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.