உரிமைகளை அள்ளித் தந்த சாசனம்

கேள்வி: ஸ்டாலின் காலத்து சோவியத் யூனியனில் பேச்சுரிமையும் ரகசிய வாக்குரிமையும் அரசியல் சாசனத்திலேயே இடம்பெற்றிருந்ததாகப் படித்தேன். சர்வாதிகாரிக்குச் சாசனம் எதற்கு? அது வெறும் கண்துடைப்புதானா?

பதில்: கண்துடைப்பு என்று ஒதுக்கிவிட்டால், அந்தச் சாசனம் சர்வாதிகாரத்துக்கு ஆற்றிய உண்மையான பணி நம் பார்வைக்குத் தப்பிவிடும். 1918ஆம் ஆண்டின் ரஷ்யச் சாசனம் மதகுருமார்களுக்கும் கூலிக்கு ஆள் வைத்து லாபம் ஈட்டியவர்களுக்கும் மறுத்திருந்த வாக்குரிமையை, 1936 டிசம்பர் 5 அன்று நிறைவேறிய புதிய சாசனம் அனைவருக்கும் வழங்கியது. அதன் 125ஆம் பிரிவு பேச்சு, பத்திரிகை, கூட்டம் ஆகிய சுதந்திரங்களை அளித்தது. ஆயினும் அவை உழைக்கும் மக்களின் நலனுக்கு இசைவாகவும் சோசலிச அமைப்பை வலுப்படுத்தும் பொருட்டும் அளிக்கப்படுவதாக அதே பிரிவின் தொடக்கம் கூறியது. அந்த நலன் எது என்பதை யார் முடிவு செய்வது? பொது அமைப்புகள், அரசு அமைப்புகள் அனைத்துக்கும் கம்யூனிஸ்ட் கட்சியே தலைமைக் கரு என்று அறிவித்த 126ஆம் பிரிவில் அதற்கு விடை இருந்தது. பகை வர்க்கங்கள் ஒழிந்துவிட்டதால் வேறு கட்சிகளுக்கு அடிப்படையே இல்லை என்று 1936 நவம்பரில் ஸ்டாலின் வாதிட்டார். எதிர்ப்புக்கு நியாயமான காரணமே இருக்க முடியாது என்ற இந்த வாதமே, எதிர்த்தவரை எளிதில் மக்கள் விரோதியாக்கியது.

இவற்றைவிடக் கொடிய குறை ஒன்று உண்டு என்பது என் கருத்து: சாசனம் மீறப்பட்டால் அரசின் ஆணையை ரத்து செய்யக்கூடிய நீதிமன்றம் எதுவும் அங்கு இல்லை. நீதிமன்ற முடிவோ அரசு வழக்குரைஞரின் ஒப்புதலோ இன்றி எவரையும் கைது செய்யக் கூடாது என்று 127ஆம் பிரிவு சொல்லிக்கொண்டிருக்க, 1937 ஜூலையில் ரகசியக் காவல்துறையான என்.கே.வி.டி. பிறப்பித்த 00447 எண் ஆணை, பிராந்தியந்தோறும் எத்தனை பேரைச் சுடுவது, எத்தனை பேரை முகாமுக்கு அனுப்புவது என்று எண்ணிக்கையே நிர்ணயித்தது. மூவர் குழுக்கள், குற்றம் சாட்டப்பட்டவரை நேரில் பார்க்காமலேயே தண்டனை விதித்தன. 1937, 1938 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 6.8 லட்சம் பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை சோவியத் ஆவணங்களே காட்டுகின்றன. இந்தக் கொலைகளின் நடுவில்தான், 1937 டிசம்பர் 12 அன்று, புதிய சாசனத்தின்படி முதல் தேர்தல் நடந்தது. தொகுதிக்கு ஒரே வேட்பாளர். சாசன வரைவுக் குழுவில் முக்கியப் பங்காற்றிய புகாரின் 1937 பிப்ரவரியில் கைதாகி, 1938 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆனாலும் எழுதிய சொல்லை நம்பி உரிமை கேட்டவர்களும் இருந்தார்கள். எழுத்தாளர்கள் சின்யாவ்ஸ்கி, டேனியல் ஆகியோரை வெளிப்படையாக விசாரிக்கக் கோரி, 1965 டிசம்பர் 5 அன்று, அதாவது அரசே கொண்டாடிய சாசன தினத்தில், கணிதவியலாளர் எசெனின்-வோல்பின் முதலியோர் மாஸ்கோவின் புஷ்கின் சதுக்கத்தில் ‘சோவியத் சாசனத்தை மதியுங்கள்’ என்ற பதாகையுடன் நின்றார்கள். சில நிமிடங்களில் அவர்களைக் காவலர்கள் பிடித்துச் சென்றார்கள். மதிக்கத் தகுந்த துணிவு அது.

கேள்வி: இன்றைய சீனாவின் நிலையும் இதுதானா?

பதில்: ஸ்டாலின் காலப் படுகொலைகளை இன்றைய சீனாவுடன் ஒப்பிடுவது முறையாகாது. ஆனால் சட்ட அமைப்பு ஒத்திருக்கிறது. 1982ஆம் ஆண்டுச் சாசனத்தின் 35ஆம் பிரிவு பேச்சுரிமை தருகிறது. சாசனத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரமோ நீதிமன்றத்திடம் இல்லாமல், தேசிய மக்கள் பேரவையின் நிலைக்குழுவிடம் இருக்கிறது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் கட்சியின் தலைமையை முதல் பிரிவிலேயே சேர்த்து, அதிபர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் பதவி வகிக்கலாகாது என்ற வரம்பையும் நீக்கியது.