'இதுதான் இங்கே வழக்கம்' என்றால்?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். மாதக் கடைசியில் இரவு வெகுநேரம் வரை இருக்கச் சொல்கிறார்கள். அதற்குத் தனி ஊதியம் இல்லை. கேட்டால், "இதுதான் இங்கே வழக்கம், கையெழுத்துப் போட்டுத்தானே சேர்ந்தீர்கள்?" என்கிறார் மேலாளர். புகார் கொடுத்தால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: சட்டம் வகுத்த குறைந்தபட்ச உரிமையை ஒரு கையெழுத்தால் விட்டுக்கொடுத்துவிட முடியாது என்பதே பெரும்பாலான நாடுகளின் நிலை, ஆகவே மேலாளரின் பதிலைக் கேட்டு நீங்கள் வாயடைத்துப் போக வேண்டியதில்லை. அலுவலகப் பணியாளர்களுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பையும், மிகைநேர வேலைக்கு வழக்கமான ஊதியத்தைப் போல் குறைந்தது ஒன்றேகால் மடங்கு தர வேண்டும் என்பதையும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1930-லேயே ஓர் உடன்படிக்கையாக வகுத்தது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. மேலாண்மைப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு விலக்கும் உண்டு. எனவே, உங்கள் நாட்டுச் சட்டம் உங்கள் பணியை எந்த வகையில் சேர்க்கிறது என்பதைத் தொழிலாளர் துறையிலோ தொழிற்சங்கத்திலோ முதலில் கேட்டறியுங்கள்.

அதைவிட முக்கியமானது ஆதாரம். உரிமை இருந்தும் பலர் தோற்பது இங்கேதான். வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் அன்றன்றே குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதும் குறிப்புக்கு அவ்வளவு மதிப்பிராது. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, இரவில் இருக்கச் சொல்லி வந்த செய்திகள் ஆகியவற்றின் நகல்கள் உங்கள் வீட்டில் இருக்கட்டும். ஆனால் நிறுவனத்தின் கணக்குக் கோப்புகளை வெளியே எடுத்துச் செல்லாதீர்கள். அது உங்கள் மீதே நடவடிக்கை எடுக்க வழிவகுத்துவிடும்.

அடுத்து, எந்தெந்த நாளில் எத்தனை மணி நேரம் என்பதைக் குறிப்பிட்டு, பணிவாகவும் சுருக்கமாகவும் நிர்வாகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்குச் சாட்சி கிடையாது. பதில் வராவிட்டால் தொழிலாளர் ஆய்வாளரை அணுகலாம். புகார் அளித்தவர் யார் என்பதையும், புகாரின் பேரில்தான் ஆய்வு நடக்கிறது என்பதையும் ஆய்வாளர் முதலாளியிடம் வெளியிடக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1947-ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. சிறிய பிரிவில் ஆளை ஊகித்துவிடுவார்கள் என்பதும் உண்மைதான். அதனால் சக ஊழியர்கள் சிலருடன் சேர்ந்து செல்வது நல்லது. சட்டமீறல் பற்றிப் புகார் செய்ததைக் காரணமாக்கிப் பணிநீக்கம் செய்வது முறையற்றது என்று அதே அமைப்பின் 1982-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் கூறுகிறது. பாக்கி ஊதியம் கோருவதற்குக் காலக்கெடு உண்டு என்பதால், அதையும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

இதற்கிடையே, 'எனக்குச் சேர வேண்டிய தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளை யாராவது நீட்டினால், படித்துப் பார்க்க அவகாசமும் ஒரு நகலும் கேளுங்கள். அங்கேயே கையெழுத்திட வேண்டாம்.