ஓமோன் குளிசையை நானே கூட்டிக் குறைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. திருகோணமலையில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். மாதவிடாய் ஒழுங்கு தவறியதுடன், இரவில் உடல் கொதித்து வியர்த்து நித்திரையும் கெட்டதால், ஐந்து மாதங்களுக்கு முன்னர் பெண்நோயியல் வைத்திய நிபுணரிடம் சென்றேன். அவர் நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் எஸ்ட்ரடையோல் குளிசையும், மாதந்தோறும் 12 நாட்களுக்கு இரவில் 200 மில்லிகிராம் புரோஜெஸ்டரோன் குளிசையும் எழுதித் தந்தார். முதல் இரண்டு மாதங்களும் மிக நன்றாக இருந்தன. மூன்றாம் மாதம், கச்சான் காற்றோடு எல்லாம் திரும்பி வந்தன. பக்கத்து வீட்டு அக்காவின் பேச்சைக் கேட்டுக் காலைக் குளிசையை இரண்டாக்கினேன். வயிறு ஊதுவதால் இரவுக் குளிசையைக் கடந்த இரண்டு மாதங்களாக விட்டுவிட்டேன். இப்போது மார்பு நோகிறது, இடையிடையே இரத்தம் படுகிறது. அளவை நானே மாற்றியது பிழையா? இரத்தத்தைப் பரிசோதித்துச் சரியான அளவைக் கண்டுபிடிக்க முடியாதா?

பதில்: அன்பின் சகோதரிக்கு, நித்திரையின்றி விடிந்த பின்னர் நாற்பது பிள்ளைகள் முன் நின்று படிப்பிக்க வேண்டியவர், கையிலிருக்கும் குளிசையை இன்னொன்று கூட்டிப் போட்டதில் எனக்கு வியப்பில்லை. ஆயினும் நீங்கள் எழுதியவற்றுள் என்னைக் கவலைப்படுத்துவது காலைக் குளிசையைக் கூட்டியதைவிட, இரவுக் குளிசையை விட்டதே. காலைக் குளிசையான எஸ்ட்ரடையோல், எஸ்ட்ரோஜன் என்ற பெண் ஓமோனின் ஒரு வகை. எஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்யும். அவ்வாறு தடிப்பதைக் கட்டுப்படுத்தி, மாதந்தோறும் ஒழுங்காக உதிரச் செய்வது புரோஜெஸ்டரோன். ஒன்றை இரட்டிப்பாக்கி மற்றதை நிறுத்தினால் உட்சுவர் தடையின்றி வளர்ந்து, ஆங்காங்கே உடைந்து கசியும். இந்த நிலை நீண்ட காலம் தொடர்ந்தால் உட்சுவரில் புற்றுநோய் உண்டாகும் ஆபத்தும் கூடுகிறது. ஆகவே கருப்பை உள்ள எந்தப் பெண்ணும் எஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக்கூடாது. எஸ்ட்ரோஜனைக் கூட்டும்போது, புரோஜெஸ்டரோன் அந்த அளவுக்குப் போதுமானதா என்பதையும் வைத்தியர் சேர்த்தே பார்ப்பார்.

வயிறு ஊதுவதும் தலை கிறுகிறுப்பதும் புரோஜெஸ்டரோனுக்கு வழமையான பக்கவிளைவுகள். அது தூக்கத்தையும் தருவதால்தான் படுக்கப் போகும் வேளையில் எடுக்கச் சொல்கிறோம். உங்களால் அதைத் தாங்க முடியாவிட்டால், புரோஜெஸ்டோஜன் எனப்படும், புரோஜெஸ்டரோனைப் போல வேலை செய்யும் வேறொரு மருந்துக்கு மாறலாம். அல்லது 52 மில்லிகிராம் லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டோஜன் கொண்ட ஓமோன் வளையத்தைக் கருப்பைக்குள் பொருத்தலாம். உட்சுவரைக் காக்கும் வேலையை அது 5 ஆண்டுகள் வரை செய்யும், கருத்தடையாகவும் இருக்கும். இதைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் எடுக்கும் ஓமோன் சிகிச்சை கருத்தடை மருந்து அன்று. 47 வயதில் மாதவிடாய் தப்பித் தப்பி வந்தாலும் கருத்தரிக்க இடமுண்டு.

இனி, இரண்டு மாதம் சுகமாக இருந்துவிட்டு மூன்றாம் மாதம் ஏன் எல்லாம் திரும்பின என்பதைப் பார்ப்போம். மாதவிடாய் நிற்பதற்கு முந்திய இந்தச் சில ஆண்டுகளில் சூலகத்தின் எஸ்ட்ரோஜன் படிப்படியாக, ஒரே சீராகக் குறைந்து செல்லும் என்று பலர் எண்ணுகிறார்கள். நம் ஊர்க் கிணறு கச்சான் காலத்தில் அடி தெரிய வற்றியிருக்கையில், எதிர்பாராத ஒரு பெருமழையில் கட்டு வரை நிறைந்து, பின் மீண்டும் வற்றுவதைப் போன்றதே உண்மை நிலை. சூலகம் ஓய்ந்திருக்கும் மாதத்தில் 1 மில்லிகிராம் போதாது, உடல் கொதிக்கும். அது திடீரென விழித்துத் தானே நிறையச் சுரக்கும் மாதத்தில், அதே குளிசை மேலதிகமாகி மார்பு நோகும், குமட்டும், இரத்தப்போக்கும் கூடும். இப்படி ஏறி இறங்கும் ஒன்றைத் துரத்திக்கொண்டு ஒவ்வொரு கிழமையும் அளவை மாற்றினால், எந்த வேதனை மருந்தால் வந்தது, எது சூலகத்தால் வந்தது என்பதை உங்களாலும் அறிய முடியாது, வைத்தியராலும் அறிய முடியாது.

இரத்தப் பரிசோதனை இங்கே உதவாததும் இதே காரணத்தால்தான். 45 வயதைக் கடந்தவருக்கு எஃப்.எஸ்.எச். (சூலகத்தைத் தூண்டும் ஓமோன்), எஸ்ட்ரடையோல் ஆகியவற்றின் அளவுகள் இன்று ஒன்றும் அடுத்த கிழமை வேறொன்றுமாக இருக்கும். அந்த ஒரு நாள் எண்ணை நம்பிக் குளிசையின் அளவைத் தீர்மானிப்பதில்லை. மாறாக, தைரொயிட் பரிசோதனையும் இரத்தச்சோகைக்கான பரிசோதனையும் பயனுள்ளவை. ஏனெனில் நெஞ்சு படபடப்பு, வியர்வை, களைப்பு ஆகியவை தைரொயிட் கோளாறிலும் வரும், இரத்தம் கூடப் போவதால் ஏற்படும் சோகையிலும் களைத்துப் போகும். தைரொயிட் குறைபாட்டுக்குத் தைரொக்சின் எடுப்பவர்கள் வாய்வழி எஸ்ட்ரோஜன் தொடங்கினால், தைரொக்சின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

வழமையான நடைமுறை இதுதான்: குறைந்த அளவில் தொடங்கி, மூன்று மாதங்கள் ஒரே அளவில் வைத்திருந்து, அதன் பின்னரும் இரவு வியர்வை நித்திரையைக் கெடுத்தால் மட்டும் ஒரு படி ஏற்றுவது, மார்பு நோவும் குமட்டலும் நீடித்தால் ஒரு படி இறக்குவது. எஸ்ட்ரடையோல் குளிசையில் அந்தப் படி பெரும்பாலும் 1 மில்லிகிராமிலிருந்து 2 மில்லிகிராம். ஆகவே நீங்கள் சென்றடைந்த அளவு தன்னளவில் மிகையானதன்று. உங்கள் வைத்தியரே அதை எழுதியிருக்கவும் கூடும். காலமும் துணை மருந்தும் தவறியதே சிக்கல்.

ஒரு நாட்காட்டியை எடுத்து, உடல் கொதித்த இரவுகளையும், இரத்தம் பட்ட நாட்களையும், எடுத்த குளிசைகளையும், எடுக்காமல் விட்ட குளிசைகளையும் மறைக்காமல் குறியுங்கள். அதையும் கிளினிக் கொப்பியையும் கொண்டு, கிடைக்கும் முதல் கிளினிக் நாளிலேயே வைத்தியரைக் காணுங்கள். அதுவரை அவர் எழுதித் தந்த அளவுக்கே திரும்புங்கள். தொடங்கிய அல்லது அளவு மாற்றிய முதல் மூன்று மாதங்களில் சிறிது இரத்தம் படுவது சாதாரணமே என்றாலும், துணை மருந்தின்றி இரண்டு மாதங்கள் சென்ற உங்களுக்கு அந்த ஆறுதலைச் சொல்ல நான் விரும்பவில்லை. ஸ்கான் செய்து உட்சுவரின் தடிப்பைப் பார்க்க வேண்டும். தேவையானால் சிறு மாதிரி எடுத்தும் பரிசோதிப்பார்கள். மணிக்கு ஒரு பஞ்சு நனையும் அளவுக்கு இரத்தம் போனால் கிளினிக் நாளைப் பாராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 50 வயது. நானும் அதே சிகிச்சையில் 2 மில்லிகிராம் குளிசை எடுக்கிறேன். இலண்டனிலுள்ள தங்கை, தோலில் ஒட்டும் 50 மைக்ரோகிராம் பட்ச் அனுப்பியிருக்கிறாள். அதற்கு மாறலாமா? மேலும், கோணேசர் கோயில் திருவிழாவுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் குளிசையையும் சேர்த்து எடுக்கலாமா?

பதில்: 2 மில்லிகிராமும் 50 மைக்ரோகிராமும் எண்ணளவில் மலையும் மடுவுமாகத் தெரியும், ஆனால் தோல்வழி மருந்து ஈரலைக் கடந்து வரவேண்டியதில்லை என்பதால், இரண்டும் ஏறத்தாழ ஒரே வலிமையுடையவை. இரத்தம் உறையும் அபாயம் பட்ச்சில் கூடுவதில்லை. பருமனானவர்களுக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் நான் அதையே விரும்புவேன். ஆகவே மாற்றம் நல்லதே; ஆனால் வைத்தியரின் கையால் நடக்கட்டும், புரோஜெஸ்டரோனும் தொடரட்டும். தங்கைக்கு எப்போதும் அனுப்ப இயலுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், இடையில் அறுந்தால் வேதனை திரும்பும். பெரும்பாலான பட்ச்களைக் கிழமைக்கு இரண்டு தரம் மாற்ற வேண்டும். இடுப்புக்குக் கீழே, பவுடரோ எண்ணெயோ பூசாத உலர்ந்த தோலில் ஒட்டுங்கள், மார்பில் ஒட்டக்கூடாது. நம் வெக்கையில் ஓரம் கழன்றால் உள்ளங்கையால் சிறிது நேரம் அழுத்திப் பிடியுங்கள். கன்னியா வெந்நீரூற்றில் குளிக்கும்போது அந்தச் சூட்டு நீரை பட்ச் மீது நேரே ஊற்ற வேண்டாம். சூட்டில் தோலின் இரத்தவோட்டம் கூடி, மருந்து உட்செல்லும் அளவும் மாறக்கூடும்.

திருவிழாவைப் பொறுத்தவரை, மாதவிடாயைத் தள்ளிப்போடும் குளிசையான நோரெதிஸ்டரோனைப் பாமசியில் வாங்கி நீங்களாக இதனுடன் சேர்க்காதீர்கள். நாளுக்கு மூன்று தரம் 5 மில்லிகிராம் என்ற அளவில் எடுக்கும்போது அதன் ஒரு பகுதி உடலில் எதினைல் எஸ்ட்ரடையோல் என்ற எஸ்ட்ரோஜனாக மாறுவதால், கால் நாளத்தில் இரத்தம் உறைந்த வரலாறு உடையவர்களுக்கு அது ஆபத்தானது. உங்களுக்கோ அதற்குத் தேவையும் குறைவு. புரோஜெஸ்டரோனை நிறுத்திய பின்னரே உதிரம் வருகிறதாகையால், அந்தப் 12 நாட்களை முன்னகர்த்தியோ சில நாட்கள் நீட்டியோ தர வைத்தியரால் முடியும். கொடியேறும் திகதி தெரிந்தவுடன், குறைந்தது ஒரு மாதம் முன்னராகவே அவரிடம் சொல்லுங்கள்.