வாஷிங் மெஷின் கீழேயா, மொட்டை மாடியிலா?

மாடி வைத்து வீடு கட்டுகிறோம், மெஷினைச் சமையலறைக்குப் பின்னால் வைப்பதா, மொட்டை மாடியிலா என்று கேட்டிருக்கிறீர்கள். துணி எங்கே காயப்போகிறதோ, அங்கேதான். ஈரத்துணி வாளியோடு தினமும் யார் படியேறுவது?

மாடியில் பலர் கவனிக்காத சிக்கல் தண்ணீர் அழுத்தம். தொட்டியின் அடிமட்டம் மெஷினின் குழாயைவிட ஓரிரண்டு அடிதான் உயரம் என்றால் தண்ணீர் நூலாகத்தான் இறங்கும். மெஷின் காத்திருந்து பார்த்துவிட்டுப் பிழைக் குறி காட்டி நின்றுவிடும். தொட்டியை உயர்த்திக் கட்டுங்கள், இல்லாவிட்டால் சின்ன பிரஷர் பம்ப். கூரை கட்டாயம், சாரல் பட்டால் மெஷினுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விடும். 16 ஆம்பியர் பிளக், எர்த்தோடு.

கீழே என்றால் மெஷினின் அடிப்பக்கத்தை வலைபோட்டு அடையுங்கள்; எலி ஒயரைக் கடிக்கும். துவைப்பது முழங்கால் வலியுள்ள அம்மா என்றால் யோசிக்கவே வேண்டாம், கீழேதான். கொடியையும் கொல்லையிலேயே கட்டிவிடுங்கள்.