கரிசலாங்கண்ணி, ரோஸ்மேரி போட்ட எண்ணெய் தேய்த்தால் முடி வளருமா?

காங்கேயம் பக்கம் செக்கு வைத்திருக்கிறோம். தேங்காய் எண்ணெய் வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் இதையேதான் கேட்பார்கள்: "ஏனுங்க, கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சினா முடி வருமுங்களா?"

இருக்கிற முடிக்கு நல்லதுங்க. போன முடி திரும்பி வரும் என்று சொல்லி நான் விற்பதில்லை. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு. அது முடித்தண்டுக்குள்ளேயே இறங்கி, அலசும்போது புரதம் கழிந்து போவதைக் குறைக்கிறது. சூரியகாந்தி எண்ணெயால் அது முடியாது. சப்பைத் தண்ணியில் (உப்புத் தண்ணீரில்) தலைக்கு ஊற்றுகிற நம் ஊர்ப்பக்கம் இதுவே பெரிய உதவி. உடைவது குறைந்தால் முடி அடர்த்தியாகத் தெரியும். வளர்ந்துவிட்டது என்று சந்தோஷப்படுவது பெரும்பாலும் அதைத்தான்.

கரிசலாங்கண்ணிக்குக் காட்டும் ஆதாரத்தில் பெரும்பகுதி எலி ஆராய்ச்சி. மழித்த எலி முதுகில் ரோமம் சீக்கிரம் முளைத்ததை வைத்து மாமாவின் வழுக்கைக்கு உத்தரவாதம் கொடுக்க முடியுமா?

ரோஸ்மேரி என்ற வாசனைச் செடியின் கதை கொஞ்சம் வேறு. 2015இல் ஈரானில் வழுக்கை விழும் 100 ஆண்களில் பாதிப்பேருக்கு ரோஸ்மேரித் தைலத்தையும், மீதிப்பேருக்கு வழுக்கைக்குத் தடவும் மருந்தான மினாக்சிடிலை 2 சதவீத அளவிலும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் மாதம் ஒன்றும் தெரியவில்லை; ஆறாம் மாதம் இரண்டு பக்கமும் ஓரளவு முடி கூடியிருந்தது. ஆனால் மருந்தே தராத மூன்றாவது குழு அதில் இல்லை. ஆண்களுக்கு இப்போது பொதுவாகத் தருவதும் 5 சதவீத மினாக்சிடில்.

வட்டமாகக் கொட்டும் புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம் தேய்ப்பார்களே, அதற்கும் 2002இல் ஈராக்கில் ஒரு சிறு சோதனை நடந்தது. வெங்காயச் சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்திலும், வெறும் தண்ணீர் தடவிய 15 பேரில் 2 பேருக்கு மட்டும் எட்டு வாரத்திலும் முடி முளைத்திருந்தது. அது புழுவெட்டுக்கு மட்டும், வழுக்கைக்கு அல்ல. காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ அப்புறம் இரண்டு மூன்று மாதத்தில் கொத்தாகக் கொட்டுவது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அப்படிச் சரியாகாமல் கொட்டிக்கொண்டே இருந்தால் இரும்புச்சத்து, தைராய்டு பார்த்துவிடுங்கள்.

சரி, காய்ச்சுவதென்றால் ஒழுங்காகக் காய்ச்சுங்கள். கூடக் கறிவேப்பிலை சேர்ப்பதானால், கடையில் வாங்கியதை நன்றாக அலசுங்கள், பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். இலையை அரைத்து எண்ணெயில் போட்டுச் சிறு தீயில் வைத்தால் முதலில் சடசடவென்று பொங்கும். சத்தம் அடங்கியதும் அடியில் இருக்கும் விழுதை எடுத்து விரலில் உருட்டுங்கள்; ஒட்டாமல் மெழுகு மாதிரி திரண்டால் அதுதான் மெழுகுப் பதம். திரியை அதில் நனைத்துக் கொளுத்தினால் படபடக்காமல் எரிய வேண்டும். படபடத்தால் ஈரம் மிச்சமிருக்கிறது, எண்ணெய் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும்.

ரோஸ்மேரித் தைலத்தை அப்படியே தலையில் ஊற்றாதீர்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்கு இரண்டு சொட்டு போதும். முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். பொடுகு இருந்தால் எந்த எண்ணெயையும் ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டாம், பொடுகு கூடும்.